பெட்டிக்குள் இருக்கிறதா பேஸ் கிட்டார்?

பேஸ் கிட்டார் கிட் ஒன்றை வாங்கிப் பிரித்தால் உள்ளே பள்ளங்களும் துளைகளும் வெட்டித் தயாராக உள்ள ஒரு மரப் பாடி இருக்கும். ஃபிரெட் பதித்த நெக், நான்கு டியூனிங் கீ, ஒரு பிரிட்ஜ், பிக்கப், வால்யூமுக்கும் டோனுக்கும் இரண்டு குமிழ், கொஞ்சம் ஒயர், ஒரு பிடி திருகாணி, சுருட்டி வைத்த நான்கு கம்பி ஆகியவையும் இருக்கும். எதுவும் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைக் காட்டி இது கிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. வாங்கியவரே கிட்டார் செய்யப் போவதாகத்தான் சொல்வார். சில வாரங்கள் கழித்து அதே மரமும் அதே உலோகமும் ஒருவர் தோளில் தொங்குகின்றன. தடித்த கம்பியைத் தட்டினால் நொடிக்கு 41 முறை அதிர்கிறது. பெட்டியில் இல்லாத ஒன்று இடையில் வந்து சேர்ந்ததா? இருந்ததே வெளிப்பட்டதா? அல்லது ‘வந்தது’ என்பதே வெறும் பேச்சு வழக்கா?

மூன்று விடைகளுக்கும் இந்தியத் தத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இந்தப் பக்கம் நின்றார்கள். முன்பு இல்லாதது புதிதாகத் தோன்றுகிறது என்பது அசற்காரியவாதம். நியாய, வைசேடிகர்களின் கொள்கை இது. உறுப்புகளைத் தவிர முழுமை என்று தனியாக எதுவும் இல்லை, அது பெயரளவில் வழங்குவது என்றார்கள் பௌத்தர்கள். இந்த வழக்கில் குடமும் துணியும் தேரும் காலங்காலமாகச் சாட்சி சொல்லி வந்திருக்கின்றன. கிட்டில் செய்த கிட்டார் அவற்றைவிட நல்ல சாட்சி. குடமான பிறகு களிமண்ணைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது. கிட்டாரிலோ உறுப்புகள் கடைசிவரை கண்ணெதிரே தனித்தனியாகத் தெரிகின்றன, திருப்புளி இருந்தால் கழற்றியும் விடலாம். அதோடு, முழுமை வந்துவிட்டதா இல்லையா என்பதைக் காதால் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

இப்படி ஒரு கிட் சாத்தியமானதற்கே ஒரு காரணம் உண்டு. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபென்டர். 1951-ல் அவர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் பேஸ் கிட்டார் என்ற வகையையே உலகெங்கும் நிலைநிறுத்தியது. அதன் நெக் பாடியோடு பசையால் ஒட்டப்படவில்லை, நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. நெக் கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ரேடியோவில் கெட்ட வால்வை மாற்றுகிறவரின் சிந்தனை இது. வயலினும் செல்லோவும் செய்த மரபில் கைவினைஞர் ஒரு கருவியை முதலிலிருந்து கடைசிவரை வளர்த்தெடுப்பார். ஃபென்டரின் தொழிற்சாலையில் பாடி ஒரு மூலையிலும் நெக் இன்னொரு மூலையிலும் உருவாகி, கடைசியில் சந்தித்தன. உறுப்புகள் எந்தப் பாடிக்கும் எந்த நெக்குக்கும் பொருந்தும்படி அமைந்ததால், உறுப்புகளை மட்டும் விற்கும் தொழிலும் பின்னால் எழுந்தது. 1976-ல் கலிபோர்னியாவிலேயே தொடங்கிய ஷெக்டர் நிறுவனம் முதலில் அந்த வேலையைத்தான் செய்தது. இன்றைய கிட் அந்த வரிசையில் வருவது.

தஞ்சாவூர் வீணையிலும் இந்த வேறுபாடு உண்டு. குடம், தண்டி, யாளிமுகம் மூன்றையும் ஒரே பலாமரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மதிப்பு அதிகம். ஒரே மரத்தில் பிறந்தது இயல்பாகவே ஒன்று, சேர்த்துச் செய்தது அப்படியல்ல என்ற உணர்வு அந்த மதிப்புக்குள் இருக்கிறது. அந்த உணர்வு சரிதானா என்பதைத்தான் தத்துவம் கேட்கிறது.

மறுப்பிலிருந்து தொடங்குவதே முறை. சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்ற பிக்குணி தேரை உவமையாக்குகிறார்: உறுப்புகள் சேர்ந்திருக்கும்போது ‘தேர்’ என்ற சொல் வழங்குவதுபோல, உடலும் உணர்வும் பிறவும் சேர்ந்திருக்கும்போது ‘உயிரி’ என்ற சொல் வழங்குகிறது. மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் இதையே கிரேக்க அரசர் மிலிந்தரிடம் குறுக்கு விசாரணையாக மாற்றுகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதிலை வாங்குகிறார். அந்தக் கேள்விகளைப் பெட்டியின் முன்னால் நின்று கேட்டாலும் பதில் மாறாது. பிக்கப் கிட்டார் அல்ல, நெக் கிட்டார் அல்ல, பாடியும் அல்ல. அப்படியானால் எல்லாம் சேர்ந்த தொகுதிதான் கிட்டார் என்று சொல்லத் தோன்றும்.

7-ஆம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி அந்த வழியையும் அடைத்தார். தேரை ஏழு கோணங்களில் ஆராயும் அவருடைய மத்தியமகாவதாரம் இங்கே நேராகக் கிட் பெட்டிக்குள் கையை விடுகிறது. தொகுதியே தேர் என்றால் கழற்றிப் பரப்பிய உறுப்புகளும் தேராக வேண்டும். அவையும் ஒரு தொகுதிதானே என்கிறார் அவர். வாங்கிய அன்று பெட்டியில் இருப்பது முழுத் தொகுதி. அது கிட்டார் அல்ல. சரி, தொகுதி அல்ல, வடிவமே கிட்டார் என்றால்? பாடியோடு நெக்கைப் பொருத்தி, கம்பி ஏற்றாமல், ஒயர் இணைக்காமல் சுவரில் மாட்டினால் வடிவம் அப்படியே இருக்கிறது. பார்ப்பவர் கிட்டார் என்றுதான் சொல்வார். ஆனால் அது வாசிக்க வராது. வடிவம் மட்டும் போதாது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

பௌத்தர்களின் இந்த மறுப்பில் ஒரு பாதியை யாரும் தள்ள முடியாது: கிட்டாரின் உறுப்புகளை எண்ணிக்கொண்டே போனால் கிட்டார் என்ற இன்னோர் உறுப்பு ஒருபோதும் அகப்படாது. மறுபாதி, அதாவது அகப்படாததெல்லாம் வெறும் பெயர் என்ற முடிவு, அத்தனை எளிதில் ஏற்கத்தக்கதல்ல. அரிஸ்டாட்டிலும் இந்த இடத்தில்தான் நின்று யோசித்தார். ஓர் அசை அதன் எழுத்துகள் மட்டுமல்ல, எழுத்துகளைப் பிரித்துவிட்டால் அசை இல்லாமல் போகிறது, எழுத்துகளோ இருக்கின்றன. ஆகவே அசையில் எழுத்துகளுக்கு மேல் ஏதோ உண்டு என்றார். அந்த ஏதோ இன்னோர் எழுத்தாக இருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். இருந்தால் அதையும் சேர்த்து வைக்க மேலும் ஒன்று தேவைப்படும்.

அந்த ‘ஏதோ’வுக்கு மிகத் துல்லியமான இடம் கொடுத்தவர்கள் நியாய, வைசேடிகர்கள். அவர்களுடைய மொழியில் உறுப்பு அவயவம், முழுமை அவயவி. அவயவி உறுப்புகளில் தங்கியிருந்தாலும் உறுப்புகளிலிருந்து வேறானது. நியாய சூத்திரம் தரும் ஆதாரங்களுள் ஒன்று மிகவும் எளியது: ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறது. செய்து முடித்த பேஸின் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் நான்கு கிலோ எடையும் சேர்ந்து எழுகிறது. பெட்டியில் கிடந்தபோது நெக்கை எடுத்தால் நெக் மட்டும்தான் வந்தது. உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இந்த வாதத்தின் ஓட்டையையும் மறைக்கவில்லை. அரக்கால் ஒட்டிய புல்லும் கல்லும் மரக்கட்டையும்கூட இழுத்தால் சேர்ந்தே வரும், அதனால் அவை ஒரு பொருளாகிவிடுவதில்லை. ஆக, சேர்ந்து வருவது வேறு, ஒன்றாவது வேறு.

அப்படியானால் ஒன்றாவது எப்படி? இங்கே வைசேடிகர்கள் காரணத்தை மூன்றாகப் பிரித்தது பெரிதும் உதவுகிறது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் அதைத் துணியை வைத்து விளக்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்த நூலைத் தமிழில் தந்ததால் தமிழ் மாணவர்களுக்கும் இது பழகிய பாடம். துணிக்கு நூல் சமவாயி காரணம். நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம். தறியும் நெய்பவரும் நிமித்த காரணம். இதில் வியப்பூட்டுவது நடுவில் உள்ளது. சேர்க்கையை அவர்கள் மற்றக் காரணங்களுக்குள் ஒளித்து வைக்கவில்லை. பொருள், ஆள் இரண்டுக்கும் நிகராக, ‘சேர்ந்திருத்தல்’ என்பதையே தனிக் காரணமாக உட்காரவைத்தார்கள். கிட் பெட்டியில் நூல் இருக்கிறது. நெய்பவர் பெட்டியைத் திறந்துகொண்டு நிற்கிறார். இல்லாதது அந்த நடுக் காரணம் மட்டும்தான்.

சேர்க்கை என்ற சொல்லைக் கேட்கும்போது லேசாகத் தோன்றும். நெக்கைப் பாடியில் பொருத்தும் இடத்தில் அது லேசாக இருப்பதில்லை. நெக்கின் அடிப்பகுதி உட்காரப் பாடியில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். விலை குறைந்த கிட்டுகளில் அந்தப் பள்ளம் ஒரு மயிரிழை அகலமாகவே இருப்பது வழக்கம். நெக்கை வைத்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடும். அப்படியே நான்கு திருகாணியையும் முடுக்கினால் நெக் அரை மில்லிமீட்டர் சாய்ந்து நின்றுவிடும். அரை மில்லிமீட்டர் சாய்வு பாடியிலிருந்து நெக்கின் நுனிவரை நீளும்போது பெரிதாகி, கடைசிக் கம்பி ஃபிரெட் பலகையின் விளிம்பை விட்டு வெளியே ஓடும். அதனால் பழகியவர் முதலில் திருகாணியைத் தொடுவதில்லை. ஓரக் கம்பிகள் இரண்டு போகவேண்டிய வழியில் இரு நூல்களைக் கட்டி இழுத்து, அவை பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்கிறார். ஆடும் பக்கத்தில் மெல்லிய மரச்சீவலைச் செருகுகிறார். நெக் தாழ்ந்திருந்தால் அடியில் ஒரு சீவலை வைத்து முனையைச் சற்று நிமிர்த்துகிறார். பிறகுதான் திருகாணி, அதுவும் ஒன்றை முழுதாக முடுக்காமல், நான்கையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் இறுகிய பிறகு நெக்கின் தலையை விரல் முட்டியால் தட்டினால் பாடியில் ஊன்றிய உள்ளங்கையில் அந்தத் தட்டு வந்து சேர்கிறது. சற்றுமுன் சேரவில்லை. அரக்கால் ஒட்டிய கட்டைக்கும் அவயவிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நியாயவாதி இந்த இடத்தில் சுட்டிக்காட்டலாம்: சேர்ந்து வருவது மட்டுமல்ல, ஒன்றில் பட்டது மற்றதில் போய்ச் சேர்கிறது.

சற்காரியவாதி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை ஐந்து காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் மூன்று: இல்லாததை உண்டாக்க முடியாது; ஒன்று வேண்டுமென்றால் அதற்குரிய மூலப்பொருளைத்தான் தேடுகிறோம்; எதிலிருந்தும் எதுவும் வந்துவிடுவதில்லை. எள்ளை ஆட்டினால் எண்ணெய் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை என்ற உவமை இந்தக் கொள்கையோடு எப்போதும் சேர்ந்து வரும். எள்ளையும் எண்ணெயையும் விட்டுவிட்டு நெக்கைப் பார்த்தால் இந்த வாதத்தின் வலிமை புரியும். பேஸின் வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. முதல் ஃபிரெட், நெக்கின் தலையருகே கம்பிகள் பதிந்து செல்லும் நட்டிலிருந்து 48.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அடுத்தடுத்த ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் மிச்சமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்துத் தூரம் குறிக்கிறார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாகப் பாதியில், 431.8 மி.மீ.-ல் விழுகிறது. கிட் வாங்கியவர் இந்தக் கணக்கைப் போட்டவரல்ல. பெட்டியைத் திறந்தபோதே அது மரத்தில் அறுத்துக் கம்பி பதித்துத் தயாராக இருந்தது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதில் வாசிக்கப்போகும் சுரங்களின் இடமெல்லாம் அங்கே முன்பே இருக்கிறது. விறகுக்கட்டையோடு அதே திருகாணிகளை முடுக்கினால் பேஸ் வராது. எள்ளில் எண்ணெய் இருந்தது என்று சாங்கியர் சொல்வதன் பொருள் இதுதான்.

இருப்பினும் அந்தக் கணக்கை மட்டும் நம்பினால் கிட்டார் சுருதி பிசகும். கம்பியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு, சுருதி ஏறிவிடுகிறது. தடித்த கம்பி விறைப்பாக இருப்பதால் அதில் பிசகு அதிகம். அதனால் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக நகரும் சேடில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நேர்மேலே விரலை ஒற்றி எழுப்பும் மெல்லொலியையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தடித்த கம்பியின் சேடில் மற்றவற்றைவிட மிகவும் பின்னால் போய் நிற்கும். 863.6 என்ற எண் அங்கே சில மில்லிமீட்டர் நீள்கிறது. எவ்வளவு நீளவேண்டும் என்பதை மரமோ பெட்டியோ வரைபடமோ சொல்லாது. எந்தக் கம்பி, எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட விரல் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கருவியிலும் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுரம் மரத்துக்குள் இருந்தது உண்மையானால், அது இருந்தது ஏறத்தாழ மட்டுமே.

சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை வைத்திருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் சற்காரியத்தை ஏற்கும் நூல். ஆனால் உள்ளிருப்பது தானாக வெளிவரும் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். மூன்றும் கூடாமல் குடம் இல்லை. உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம் என்று நிறுவுவதே இந்த உவமையின் நோக்கம். அறிவற்ற மாயை தானாக உலகாக விரியாது, அறிவுடைய ஒருவர் வேண்டும் என்பது வாதத்தின் உயிர்நிலை. மண்ணில் குடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டே குயவருக்கும் முழு மதிப்புக் கொடுக்கும் பார்வை இது.

கிட் கிட்டாருக்கு அந்தக் குயவர் யார் என்று கேட்டால் பதில் சிதறுகிறது. வடிவத்தை நினைத்தவர் லியோ ஃபென்டர். அவருக்கோ கிட்டார் வாசிக்கத் தெரியாது. மரத்தை அறுத்தது எங்கோ ஒரு தொழிற்சாலையின் இயந்திரம். பிக்கப்பில் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது இன்னோர் இயந்திரம். கடைசியில் திருகாணி முடுக்கியவர் கிட் வாங்கியவர். இவர்களில் ஒருவரைச் செய்தவர் என்று சொன்னால் மற்றவர்கள் எதிர்ப்பார்கள். நெக்கின் தலையில் இந்தப் பங்கீடு கண்ணுக்கே தெரிகிறது. புகழ்பெற்ற தலை வடிவங்கள் அந்தந்த நிறுவனங்களின் வணிகச் சின்னமாகப் பதிவானவை. அதனால் பல கிட்டுகளில் தலை துடுப்புபோல அகன்ற வெறும் பலகையாக வருகிறது. வாங்கியவர் காகிதத்தில் தனக்குப் பிடித்த வடிவத்தை வரைந்து வெட்டி, பலகைமேல் ஒட்டி, ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்க்கிறார். அந்தப் பத்து அங்குலத்தில் அவர் முழு ஆசிரியர். மற்ற இடங்களில் அவர் இன்னொருவர் எழுதியதை முடித்துவைப்பவர்.

சித்தாந்தத்தின் அளவுகோலை இங்கே உண்மையாகவே பயன்படுத்தலாம். நிமித்த காரணமாக இருக்கத் தேவையானது அறிவு. உடல் உழைப்பின் அளவு அதற்குக் கணக்கில்லை. குயவருக்கு இந்த மண்ணுக்கு எவ்வளவு நீர், எந்த ஈரத்தில் சக்கரத்திலிருந்து அறுத்து எடுப்பது என்பது தெரியும். கிட்டோடு வரும் தாளில் உள்ள படங்களைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று முடுக்கிக்கொண்டே போனவரிடம் அந்த அறிவு இன்னும் இல்லை. அதுவரை செய்தவர் அந்தத் தாளை எழுதியவர்தான். நெக் ஆடுவதைக் கண்டு சீவல் செருகியபோது, சேடிலைக் கேட்டு நகர்த்தியபோது, தாளில் இல்லாத ஒன்றை அவர் அறிந்து செயல்பட்டார். அந்த நொடியிலிருந்து அவர் நிமித்த காரணம். குயவர் செய்வதற்கு முன்பே அறிந்திருந்தார், இவர் செய்துகொண்டே அறிகிறார் என்ற வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. கடவுளுக்கு அந்த வேறுபாடு பொருந்தாது என்று சித்தாந்தி உடனே சொல்வார். மனிதக் கைவேலையில் அதுதான் வழக்கம்.

சேர்க்கையைப் பற்றி வைசேடிகர்கள் சொன்னதில் திருத்தம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. நூல்கள் சேர்ந்தன, துணி தோன்றியது என்று படிக்கும்போது சேர்க்கை ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சிபோலத் தோன்றுகிறது. பேஸில் அது நடந்து முடிவதில்லை. கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 முதல் 20 கிலோ இழுவையில் நிற்கிறது. நான்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல், வளர்ந்த ஒருவர் தொங்குவதுபோல, நெக்கின் தலையைப் பாடியை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நெக்கின் உள்ளே நீளவாக்கில் பதித்த டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி அதை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. முடுக்கிச் சரிசெய்யும் வகையான ராடுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றவர் கிப்சன் நிறுவனத்தின் தேடியஸ் மெக்ஹியூ. இரண்டு இழுவைக்கும் நடுவில் நெக் மெலிதாக முன்வளைந்து நிற்க வேண்டும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. போல இடைவெளி தெரியும். தட்டையானால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். அதிகம் வளைந்தால் அழுத்த விரல் வலிக்கும்.

முதன்முறை கம்பி ஏற்றும்போது இந்த எதிரெதிர் இழுவை ஒவ்வொரு திருப்பிலும் தெரிகிறது. முதல் கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்துவிட்டு இரண்டாவதை இறுக்கினால் முதலாவது இறங்கிவிடும். மூன்றாவதை இறுக்கினால் இரண்டும் இறங்கும். நெக் புதிய பாரத்துக்கு வளைந்துகொடுப்பதால் இப்படி ஆகிறது. நான்கையும் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து ஏற்றவேண்டியிருக்கிறது. ஓர் உறுப்பைத் தொட்டால் எல்லா உறுப்பும் பதில் சொல்கிறது. பெட்டியில் இருந்தபோது டியூனிங் கீயைத் திருகினால் டியூனிங் கீ மட்டுமே சுழன்றது. நாகசேனர் கேட்டபோது அகப்படாத கிட்டார் இருக்கும் இடம் இந்தப் பதிலில்தான். அதற்குத் தனி உறுப்பாக ஓர் இடம் கிடையாது. வெறும் பெயர் என்றும் தள்ள முடியாது, ஏனென்றால் பெயர் எதுவும் 70 கிலோவைத் தாங்குவதில்லை. உறுப்புகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் நிலை நீடிக்கும்வரை முழுமை இருக்கிறது.

வீணையும் தம்புராவும் புழங்கும் வீடுகளில் இது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். காலப்போக்கில் மெழுகு இளகி மெட்டு நகரும்போது மீண்டும் மேளம் கட்ட வேண்டும். தம்புராவின் கம்பிக்கு அடியில் நூலைச் செருகி, நெல்லளவு முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் விரியும் இடத்தில் நிறுத்துகிறார்கள். அந்த நூலுக்குப் பெயர் ஜீவா. ஏகாண்டமாகக் குடைந்த வீணைக்கும் மேளம் கட்டத்தான் வேண்டும். ஒரே மரத்தில் பிறந்ததால் மட்டும் ஒன்றாகிவிடுவதில்லை என்று அது காட்டுகிறது.

மின்னிணைப்பில் இந்த முழுமையின் எல்லை இன்னும் ஒரு படி நகர்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி மின்சுற்றின் எர்த்தோடு பற்றவைக்க வேண்டும். கிட்டில் கை வைக்கும் புதியவர்கள் மிக எளிதில் மறந்துவிடுவது இந்த ஒயரைத்தான். அதை விட்டுவிட்டால் ஆம்பிளிஃபயரில் ஓயாத இரைச்சல் கேட்கும். ஒயர் இருந்தால், கம்பிமேல் விரல் பட்டதும் இரைச்சல் அடங்குகிறது, எடுத்ததும் மெலிதாகத் திரும்புகிறது. அறையிலுள்ள மின்னலைகளை ஏந்தி நிற்கும் வாசிப்பவரின் உடல், கம்பி வழியாகவும் பிரிட்ஜ் வழியாகவும் எர்த்தோடு சேர்ந்துவிடுவதே காரணம். கருவி அமைதியாக இருக்க வாசிப்பவரின் தோல் தேவைப்படுகிறது. அவயவங்களின் பட்டியலை எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

செய்து முடித்த கருவியை மாற்றத் தொடங்கும்போது கேள்வி தோற்றத்திலிருந்து அடையாளத்துக்குத் திரும்புகிறது. நிறம் மாற்றுவது சின்ன விஷயம்போலத் தோன்றினாலும், வைசேடிகர்களும் நையாயிகர்களும் இதில் பிரிந்துபோனார்கள். பச்சைக் குடம் சூளையில் சிவக்கும்போது அது அணுக்களாகப் பிரிந்து, சிவந்த அணுக்கள் மீண்டும் கூடிப் புதிய குடமாகிறது என்றார்கள் வைசேடிகர்கள். குடம் குடமாகவே இருந்து சிவக்கிறது என்றார்கள் நையாயிகர்கள். பாடிக்கு எண்ணெயோ வார்னிஷோ பூசிய எவரும் இங்கே நையாயிகர்களின் பக்கம்தான் சாய்வார். பூச்சு மரத்துக்குள் இறங்கி ரேகைகள் எழும்போது மரம் வேறாவதாக அவருக்குத் தோன்றாது. உறுப்பை மாற்றுவது வேறு வழக்கு. நூல் ஒன்றை உருவிவிட்டால் பழைய துணி அழிந்து வேறு துணி தோன்றுகிறது என்பது இரு மரபுக்கும் பொதுவான கடுமையான விதி. அப்படிப் பார்த்தால் பிக்கப்பை மாற்றிய அன்று பழைய பேஸ் போய்விட்டது.

இசை வரலாறு அந்த விதிக்கு அடங்க மறுக்கிறது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962-ஆம் ஆண்டு ஃபென்டர் ஜாஸ் பேஸில் ஃபிரெட்டுகள் இல்லை. அவற்றின் பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியைப் பலகையில் பூசியிருந்தார். கம்பி மரத்தில் பாடுவதுபோன்ற அந்தக் குரல் அப்படித்தான் வந்தது. பிற்பாடு அந்தக் கருவி துண்டுதுண்டாக உடைந்து ஒட்டப்பட்டது. 1986-ல் திருடுபோனது. அடுத்த ஆண்டு ஜாக்கோ இறந்தார். சுமார் 20 ஆண்டுகள் கழித்து அது தழும்புகளோடு வெளிப்பட்டபோது, ஃபென்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கும் அதற்கும் வெகுதூரம். ஆனாலும் அதே பேஸ் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் பேசினார்கள். உறுப்புகளின் தொடர்ச்சியைவிட, ஒரு கை அதில் செய்து வைத்த மாற்றங்களின் தொடர்ச்சியை அவர்கள் அடையாளமாகக் கொண்டார்கள். எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ எதிர்த்திசையில் பிறந்தது. மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து உருவான அந்தக் கிட்டார், 2004-ல் நியூயார்க் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. அந்த மூன்றும் என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டும் என்றவர் தாமஸ் ஹாப்ஸ். தீசியஸின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டால் அது பழைய கப்பலா என்ற புளூட்டார்க் காலத்துப் புதிருக்கு, 1655-ல் வெளியான தன் நூலில் அவர் ஒரு திருப்பம் வைத்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேமித்து அதே வரிசையில் மீண்டும் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? கிட் உலகில் இது தினசரி நடப்பு. முதல் ஆண்டில் பிக்கப் மாறும், பிறகு டியூனிங் கீ, பிறகு கனமான பிரிட்ஜ், ஒருநாள் நெக். கழற்றியவை அதே பழைய அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. ஒரு கட்டத்தில் பாடி ஒன்று வாங்கினால் போதும், முதல் கிட்டார் பெட்டியிலிருந்து எழுந்துவிடும். சேர்க்கை நீடிக்கும்வரைதான் முழுமை என்ற அளவுகோலை வைத்தால் ஹாப்ஸின் கேள்விக்கு விடை சொல்ல முடிகிறது: இடைவிடாமல் இழுவையில் நின்று ஒவ்வொரு மாற்றத்தையும் உள்வாங்கியதே அந்த பேஸ், பெட்டியிலிருந்து எழுவது பழைய உறுப்புகளால் ஆன வேறொன்று.

இந்த அளவுகோலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஊர் மாறும்போது பேஸின் நெக்கைக் கழற்றி, பெட்டியில் பாடியோடு சேர்த்து அடுக்குவது வழக்கம். நான்கு திருகாணியும் வெளியே வந்துவிட்டால் சேர்க்கை இல்லை. வைசேடிகக் கணக்கில் அவயவியும் இல்லை. ஆனால் பெட்டியில் இருப்பது வாங்கிய அன்று இருந்த அதே வகைக் குவியல் அல்ல. பள்ளத்தில் நெக் அழுந்திய தடம் இருக்கிறது, செருகிய சீவல் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, திருகாணி வெட்டிய புரி துளைகளில் இருக்கிறது, சேடில்கள் கேட்டு நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன. முதன்முறை பல நாள் எடுத்த வேலை இம்முறை அரைமணியில் முடிகிறது. சற்காரியவாதி சொன்னது முதல் பெட்டியைவிட இந்த இரண்டாவது பெட்டிக்கே நன்றாகப் பொருந்துகிறது: இதற்குள் உண்மையிலேயே ஒரு கிட்டார் இருக்கிறது, ஒருமுறை செய்யப்பட்டதால் இருக்கிறது. கம்பி ஏற்றியதும் நெக் தன் பழைய வளைவுக்குத் திரும்ப ஓரிரு நாள் ஆகும். அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் நான்கு கீயையும் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும்.